உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள்: களிமண்ணைத் தொழில் பீங்கானாகச் சுடும்போது வரும் கோளாறுகள்

சூளையைத் திறக்கிறோம், நாலில் ஒரு உருப்படியில் விரிசல். உடனே வரும் யோசனை, "அண்ணே, டெம்பரேச்சர் ஒரு இருபது ஏத்திரலாமா?" என்பதுதான். அம்பத்தூர், திருமுடிவாக்கம் மாதிரி எஸ்டேட்டுகளில் சின்ன மின்சூளை வைத்து ஹீட்டர் பாபின், தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) குழாய், சூளைத் தட்டு, மூசை (உலோகம் உருக்கும் பாத்திரம்) என்று செய்பவர்கள் எல்லாருக்கும் பழகிய கேள்வி இது. ஏற்றிப் பார்ப்பார்கள். சில சமயம் சரியாகும், பல சமயம் வளைந்து வெளியே வரும்.

உச்ச வெப்பத்தில் பிறக்கும் கோளாறு குறைவு. பெரும்பாலானவை ஏறும் வழியிலோ இறங்கும் வழியிலோ பிறந்தவை. எனவே கன்ட்ரோலரைத் தொடுவதற்கு முன், இது எந்த டிகிரியில் நடந்தது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்கான சாட்சி உடைந்த துண்டிலேயே இருக்கிறது.

கையிலிருப்பது கயோலின், கடையில் சைனா கிளே என்று கேட்டு வாங்கும் மண், என்று வைத்துக்கொள்வோம். 200 டிகிரி (எல்லாமே செல்சியஸ்) வரை வெளியேறுவது வெறும் ஈரம். 450-ல் தொடங்கி 650 வரை போவது படிகத்துக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் நீர். சுத்தமான கயோலினைட்டில் இது எடையில் கிட்டத்தட்ட 14 சதவீதம். மிச்சம் நிற்பது மெட்டாகயோலின். வெளி உருவம் அப்படியே இருக்கும், உள்ளே படிக ஒழுங்கு குலைந்திருக்கும். 980 அருகே அது திடீரென வெப்பத்தை வெளியிட்டுச் சுருங்கி, புதுப் படிகங்களாகத் திரளத் தொடங்கும். 1100-க்கு மேல் முல்லைட் ஊசிகள், அதாவது அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த, சூடு தாங்கும் படிகங்கள், வளரும். முல்லைட்டுக்குப் போக மிஞ்சும் சிலிக்கா, பொட்டாசியமோ சோடியமோ கிடைத்தால் கண்ணாடியாக உருகும்; கிடைக்காவிட்டால் 1200-க்கு மேல் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகமாக உருவெடுக்கும். கலவையில் குவார்ட்ஸ் மணல் இருந்தால் 573-ல், ஏறும்போதும் இறங்கும்போதும், அதன் கன அளவு சட்டென்று மாறும். கிறிஸ்டோபலைட் இருந்தால் அதே கூத்து 200-க்கும் 270-க்கும் நடுவில், இன்னும் பலமாக. இந்த எண்களை எழுதிச் சூளைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

வெடித்துச் சிதறியிருக்கிறது

இது ஈரம், வேறொன்றுமில்லை. உள்ளே மாட்டிய நீர் ஆவியாகி வழி கிடைக்காமல் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் எத்தனை நாள் ரேக்கில் வைத்தாலும் பச்சை உருப்படி முழுசாகக் காயாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் சூட்டில் உலர்த்தும்போது இடைவெளி விட்டு இரண்டு முறை எடை போட்டுப் பார்க்கலாம், இரண்டு எடைக்கும் வித்தியாசம் இல்லை என்றால் காய்ந்துவிட்டது. 90 டிகிரியில் மேல் துளையைத் திறந்து வைத்தபடி சில மணி நேரம் நிறுத்தி, அதற்கப்புறம் 100-ஐத் தாண்டுங்கள். விரல் தடிமனுக்கு மேல் போனால் ராத்திரி முழுக்க நிறுத்துவதுதான் நல்லது. பொங்கல் லீவில் ஒரு வாரம் அணைந்து கிடந்த சூளையின் செங்கல்லும் ஈரம் குடித்திருக்கும். முதல் லோடு ஏற்றும் முன் காலியாக ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

விரிசல் விழுந்திருக்கிறது

முதலில் விரிசலின் உதட்டைப் பாருங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் லூப் (சிறு உருப்பெருக்கி) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் விரல் நகமே போதும். நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போனால், ஓரம் மழுங்கியிருந்தால், விரிசல் ஏறும் வழியிலேயே, ஏன், உலரும்போதே விழுந்துவிட்டது. பிறகு உச்ச வெப்பத்தில் உண்டான கண்ணாடி அந்த ஓரத்தை உருட்டிவிட்டிருக்கிறது. நகத்தைச் சுரண்டும் அளவுக்கு ஓரம் கூராக, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தினால் அது இறங்கும் வழியில் விழுந்தது. கோளாறு தேடுவதில் இதைவிடப் பலன் தரும் ஒரு நிமிட வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குச் சிவப்பு மை. தண்ணீரில் கரைத்துத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, ஈரத் துணியால் துடைத்தால் விரிசலில் மட்டும் மை நிற்கும். நுண்துளை அதிகமுள்ள உருப்படியில் இது எடுபடாது, மொத்தமும் சிவந்துவிடும். அதற்கு நூலில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டுங்கள். கணீரென்று வரவேண்டும், டொக்கென்று வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.

மழுங்கிய விரிசல் என்றால், எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வட்டத் தட்டின் நடுவில் வளைந்து நெளிந்து போனால் உலர்த்தியதில் பிழை: நடு கடைசியாகக் காய்ந்திருக்கிறது, அல்லது வனையும்போதும் அழுத்தும்போதும் நடுவில் போதிய அழுத்தம் விழவில்லை. தடித்த பகுதியும் மெலிந்த பகுதியும் சேரும் இடத்தில் நேராக ஓடினால் 450-க்கும் 650-க்கும் நடுவிலோ 980-ஐ ஒட்டியோ விழுந்தது. மெலிந்த பக்கம் நீரை விட்டுச் சுருங்கிவிட்டது, தடித்த பக்கம் இன்னும் சுருங்கவில்லை, நடுவில் கிழிந்தது. இந்த இரண்டு எல்லைகளிலும் மணிக்கு 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். தடிமன் கூடக் கூட இன்னும் மெதுவாக. கலவையில் க்ராக் எனப்படும் சுட்டு அரைத்த குருணையை 20, 30 சதவீதம் சேர்த்தால் சுருக்கமே குறையும். அது ஏற்கெனவே சுருங்கி முடித்தது, மறுபடி சுருங்காது. அரைக்கும்போது மட்டும் முகக்கவசம் கட்டாயம். சிலிக்கா தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்ப வெளியே வராது. கைக்குட்டை கட்டிக்கொள்வதெல்லாம் கணக்கில் சேராது.

அடிப்பக்கத்தில் மட்டும் விரிசல் இருந்தால் மண்ணைக் குறை சொல்லாதீர்கள். 200 மில்லிமீட்டர் தட்டு 10 சதவீதம் சுருங்கினால் 20 மில்லிமீட்டர் நகர வேண்டும். கீழே இருக்கும் தட்டு பிடித்துக்கொண்டால் எப்படி நகரும்? அலுமினா தூளை மெலிசாகத் தூவி அதன்மேல் வையுங்கள். பெரிய உருப்படி என்றால் அதே மண்ணில் ஒரு பச்சைத் தட்டு செய்து அடியில் கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்தே சுருங்கும்.

கூரான விரிசலுக்கு மருந்து பொறுமைதான். டெலிவரி அவசரத்தில் 400 டிகிரியில் கதவைத் திறப்பது எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். மணல் உள்ள கலவை என்றால் 620-லிருந்து 540 வரை மெதுவாக இறக்குங்கள். அதைச் சரியாகச் செய்தும், சூளை 250 பக்கம் இருக்கும்போது உள்ளே 'டிங்' என்று சத்தம் கேட்டால் அது கிறிஸ்டோபலைட். கீழே வருகிறேன்.

மேலே வெள்ளைப் படிவு, வார்ப்பு ஸ்லிப்பும் கெட்டியாகிறது

ஸ்லிப் என்பது அச்சில் ஊற்றி வார்க்கும் களிமண் கூழ். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கும்: போர்வெல் தண்ணீர். கடலோரத்துப் பக்கம் நிலத்தடி நீரில் உப்பும் கடினத்தன்மையும் எவ்வளவு என்று வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கால்சியம், மக்னீசியம் அயனிகள் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கின்றன. கூழை இளக்கச் சேர்க்கும் சோடியம் சிலிகேட்டை எவ்வளவு ஊற்றினாலும் ஸ்லிப் இளகாது. உலர்ந்த மண்ணின் எடையில் 0.3 சதவீதம் அளவில் வேலை முடிந்திருக்க வேண்டும். அதைத் தாண்டி ஊற்றிக்கொண்டே போனால் மறுபடி கெட்டிப்படும். உலரும்போது உப்பு மேற்பரப்புக்கு வந்து படிந்து, சுட்ட பிறகு வெள்ளைத் தோலாக நிற்கும். ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு வாளி கரைத்துப் பாருங்கள், அரை மணியில் விடை தெரியும். உப்பு மண்ணிலேயே சல்பேட்டாக இருந்தால் சிலர் பேரியம் கார்பனேட் சேர்ப்பார்கள். வேலை செய்யும்தான், ஆனால் அது எலி மருந்து. டீ கிளாஸ் வைக்கும் மேசையில் அதைப் பிரிக்காதீர்கள்.

உள்ளே கறுப்பு, வெளியே உப்பல்

உடைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். வெளியே வெளிர்நிறம், நடுவில் சாம்பலோ கறுப்போ பட்டையாக ஓடும். சில இடங்களில் மேற்பரப்பு கொப்புளம் போட்டிருக்கும்.

பால் கிளே (நன்றாகக் குழையும் மண்), ஃபயர் கிளே (சூடு தாங்கும் மண்) இரண்டிலும் கரிமப் பொருள் இருக்கும். அது 600-லிருந்து 900-க்குள் எரிந்து போய்விட வேண்டும். எரிய ஆக்சிஜன் வேண்டும். மின்சூளைக்குள் காற்று தானாக ஓடாது, மேல் துளையையும் மூடிவிட்டால் ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? எரியாமல் மிஞ்சிய கரி, மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. அப்படிக் குறைந்த இரும்பு, சிலிக்காவோடு சேர்ந்து 1200-க்குக் கீழேயே உருகும். வெளித்தோல் கண்ணாடியாகி அடைத்த பிறகு உள்ளே உண்டாகும் வாயு வெளியேற முடியாமல் உப்புகிறது. கொப்புளம் தெரிவது 1200-ல், தப்பு நடந்தது 800-ல்.

இங்கே உச்ச வெப்பத்தைக் குறைத்தால் உப்பல் மறையும், கறுப்பு அப்படியே இருக்கும். அதைச் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கறுப்பு நடு உள்ள மின்காப்புப் பொருள் சோதனையில் தேறாது. 850-ல் துளையைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். உருப்படிகளை ஒட்டி ஒட்டி அடுக்காமல் இடைவெளி விடுங்கள். அதற்கும் கறுப்பு இருந்தால் தடிமனைக் குறைக்க வழி பாருங்கள், அல்லது பால் கிளேயின் பங்கை.

சுட்ட பிறகும் தண்ணீர் குடிக்கிறது

பழைய ஆட்கள் உடைந்த முகத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் வேகவில்லை. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்ல முடியாது, எண் வேண்டும்: உலர்ந்த எடை எடுத்து, ஐந்து மணி நேரம் கொதிக்கவைத்து, அதே தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். கூடிய எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் நீர் உறிஞ்சல் சதவீதம். சூளைத் தட்டுக்குப் பத்துக்கு மேல் இருந்தாலும் கவலை இல்லை, அதற்கு நுண்துளை நல்லதுதான். உயர் மின்னழுத்தப் பீங்கானுக்குப் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

டிஸ்ப்ளே 1280 என்று காட்டும்போது உருப்படி 1240-தான் பார்த்திருக்கும் என்பது இங்கே சாதாரணம். சூளைக்குள் மேலும் கீழும் வித்தியாசம் உண்டு. அதோடு மாலை நேரத்தில் வோல்டேஜ் 230-லிருந்து 207-க்கு இறங்கினால் பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஹீட்டரின் பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 19 சதவீதம் போய்விடுகிறது. கன்ட்ரோலர் காத்திருக்காமல் நேரத்தை மட்டும் எண்ணும் புரோகிராம் என்றால் சோக் நேரம், அதாவது உச்ச வெப்பத்தில் நிறுத்தி வைக்க வேண்டிய நேரம், அரைகுறை வெப்பத்திலேயே கழிந்துவிடும்.

இதற்குத்தான் கோன், குறிப்பிட்ட அளவு வெந்ததும் வளையும் சின்ன பீங்கான் கூம்பு. ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் சேகர் 1886-ல் பெர்லினில் செய்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை. கோன் டிகிரியை அளப்பதில்லை. வெப்பமும் நேரமும் சேர்ந்து செய்த வேலையை, மண்ணே உணர்வதுபோல, வளைந்து காட்டுகிறது. மேல், நடு, கீழ்த் தட்டில் ஒவ்வொன்று வைத்து ஒரு லோடு ஓட்டினால் சூளையின் குணம் தெரிந்துவிடும். டிஜிட்டல் மீட்டர் இருக்கும்போது கோன் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் அடுத்த பத்தியில்.

வளைந்திருக்கிறது, தொங்கியிருக்கிறது

கண்ணாடி அளவுக்கு மீறி உண்டாகிவிட்டது. ஒன்று, ஃபெல்ட்ஸ்பார் (சூட்டில் கண்ணாடியாக உருகும் கனிமம்) கூடுதல் அல்லது புது மூட்டை மண்ணில் பொட்டாசியம் கூடுதல். இல்லையென்றால் உண்மையிலேயே வெப்பம் மிஞ்சியிருக்கிறது, மீட்டர் சொல்லவில்லை. கே வகைத் தெர்மோகப்பிளை 1200-க்கு மேல் தினமும் ஓட்டினால் அது மெல்லப் பிசகும். அந்த வெப்பத்துக்கு எஸ் அல்லது ஆர் வகைப் பிளாட்டினம் வேண்டும், விலை கையைக் கடிக்கும் என்றாலும். பிளாட்டினம் வாங்கிவிட்டு, தெர்மோகப்பிளின் வெளிமுனையில் வயர் சேரும் தலைப்பெட்டியிலிருந்து மீட்டர் வரை வீட்டு வயரை இழுப்பதும் நடக்கிறது. தலைப்பெட்டி சூடாகச் சூடாக மீட்டர் குறைத்துக் காட்டும், கன்ட்ரோலர் இன்னும் ஏற்றும், தட்டு தொங்கும். அந்த வகைக்கென்றே விற்கும் காம்பன்சேட்டிங் கேபிளைத்தான் போட வேண்டும், பிளஸ் மைனஸ் மாறாமல்.

அளவு ஒவ்வொரு லோடுக்கும் மாறுகிறது, பழுப்புப் புள்ளி விழுகிறது

அளவு மாறினால் அழுத்தும்போது ஈரமும் அழுத்தமும் ஒரே மாதிரி இல்லை. பச்சையிலேயே எடை போட்டுப் பிரித்துவிடுங்கள். புள்ளி என்றால் இரும்பு. ஸ்லிப்பைச் சல்லடையில் வடித்துக் காந்தத்தைத் தாண்டி விடுங்கள். இடிப்பானின் துரு உதிர்கிறதா என்றும் பாருங்கள்.

சுடும்போது நன்றாக வந்தது, வேலைக்குப் போனதும் உடைகிறது

இதில்தான் பலருக்குப் பணம் போகிறது. பார்வைக்கு அருமையான வெள்ளைத் தட்டு, தட்டினால் கணீர், நீர் உறிஞ்சலும் சரி. வாடிக்கையாளர் சூளையில் பத்து, பதினைந்து முறை சூடேறி இறங்கியதும் பாளம் பாளமாக விரிகிறது. மண் சுத்தமானது, வெப்பமும் கூட்டியே கொடுத்தோம் என்று தலையைச் சொறிவார்கள். உண்மையில் மண்ணின் சுத்தமும் கூட்டிய வெப்பமுமே இங்கே காரணம்.

கயோலினைட்டில் ஒரு அலுமினாவுக்கு இரண்டு சிலிக்கா. முல்லைட்டில் மூன்று அலுமினாவுக்கு இரண்டு சிலிக்கா. சுட்ட கயோலின் எடையில் ஏறத்தாழ 64 சதவீதம் முல்லைட்டாகிறது, மிச்சம் 36 சதவீதம் சிலிக்கா அனாதையாக நிற்கிறது. அதைக் கரைத்துக்கொள்ளும் ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடி இல்லை என்றால், சுத்தமான மண்ணில் நீண்ட நேரம் 1300-ல் நிறுத்தும்போது, அது கிறிஸ்டோபலைட் ஆகும். உங்கள் சூளையில் மெதுவாக இறங்கியதால் முதல் முறை தப்பித்தது. வாடிக்கையாளரிடம் தினமும் 270-ஐக் கடந்து போகிறது, வருகிறது. ஒவ்வொரு முறையும் நுண்விரிசல் கொஞ்சம் வளர்கிறது.

உறுதி செய்ய, உள்ளே என்ன படிகம் என்று காட்டும் எக்ஸ்-ரே டிஃப்ராக்ஷன் எடுக்க வேண்டும். தாமிரக் கதிரில் 22 டிகிரி கோணத்தை ஒட்டிக் கூரான முகடு இருந்தால் கிறிஸ்டோபலைட். முல்லைட்டின் பெரிய முகடு 26.3-லும் குவார்ட்ஸுடையது 26.6-லும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், பெயருக்கு ஒரு ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு முல்லைட் வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில், ஏ.சி. டெக்கில் செராமிக் டெக்னாலஜி படித்தவர் யாராவது பழக்கத்தில் இருந்தால் அந்த வரைபடத்தை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு டீ செலவில் ஒரு லோடு மிச்சமாகும்.

தீர்வு, அந்த அனாதைச் சிலிக்காவுக்கு அலுமினா கொடுப்பது. முழுக்க முல்லைட்டாக மாற, கணக்குப்படி 100 கிலோ கயோலினுக்கு 79 கிலோ அலுமினா. கான்தால் என்ற ஹீட்டர் கம்பி போட்ட நம் சூளை தாங்கும் வெப்பத்தில் அந்த வினை முடியாது. அதற்கு 1500-க்கு மேல் போக வேண்டும், அலுமினாவும் மாவாக இருக்க வேண்டும். ஆனாலும் 25, 30 சதவீதம் நைசான சுட்ட அலுமினா சேர்த்தாலே நடைமுறையில் நல்ல வித்தியாசம் தெரியும், வினையாகாத அலுமினா மிஞ்சினாலும் தொல்லை தராது. இன்னொரு வழி நாலைந்து சதவீதம் ஃபெல்ட்ஸ்பார் போட்டுச் சிலிக்காவைக் கண்ணாடியிலேயே கட்டி வைப்பது. மின்காப்பானுக்கு அது சரி. சூடு தாங்கிப் பாரம் சுமக்கும் தட்டுக்கு நான் போட மாட்டேன், கண்ணாடி கூடினால் தொங்கும்.

ஐரோப்பாவில் ரசவாதிகள் காலத்திலிருந்து பேர்போன ஹெஸ்ஸன் மூசைகளின் தாங்குதிறனுக்குக் காரணம் முல்லைட் என்று 2006-ல்தான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் குயவர்களுக்கு முல்லைட் என்ற பொருளே தெரியாது. கயோலின் மண்ணைத் தேர்ந்தெடுத்து, நன்றாக மணல் கலந்து, 1100-க்கு மேல் சுட்டார்கள். மணல் கலந்தும் எப்படித் தாங்கியது என்று கேட்கலாம். மூசை ஒருமுறை சூடேறி வேலை முடிந்தால் போதும், நம் தட்டு தினமும் ஏறி இறங்க வேண்டும்.

மெட்டாகயோலின் சுட்டோம், கான்கிரீட்டில் வேலை செய்யவில்லை

சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் சேர்ந்த எல்.சி.3 சிமென்ட் ஆய்வில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் முக்கியப் பங்கு வகிப்பதால் இங்கே இதைச் சுட்டுப் பார்க்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. வழக்கமான கலவையில் பாதி கிளிங்கர் (சிமென்டுக்காகச் சுட்ட கட்டி), 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சுண்ணாம்புக்கல், 5 ஜிப்சம். கயோலினைட் 40 சதவீதம் இருக்கும் மட்ட ரக மண்ணே இதற்குப் போதும். பீங்கான் ஆட்கள் இதில் சறுக்குவதற்குக் காரணம் பழக்கம்: நன்றாக வேகட்டும் என்று ஏற்றிவிடுகிறார்கள். இங்கே 700-க்கும் 800-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 900-ஐ நெருங்கினால் வினைத்திறன் சரியும், 980-ஐத் தாண்டினால் சுண்ணாம்போடு வினைபுரியும் குணம் பெரும்பாலும் போய்விடும்.

குறைவாகச் சுட்டதா, மிஞ்சியதா என்று பிரிக்க ஒரு தராசு போதும். தூளை 110-ல் உலர்த்தி எடை போட்டு, 1000 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து மறுபடி எடை பாருங்கள். சுத்தமான கயோலினில் 3 சதவீதம் குறைந்தால் படிக நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். சென்னைக் காற்றில் சூடான தூளைத் திறந்து ஆறவைத்தால் அது ஈரம் இழுத்துக் கணக்கைக் குழப்பும், டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவையுங்கள். குறைவாகச் சுடப்பட்டதற்குப் பெரும்பாலும் காரணம் தட்டில் கும்பலாகக் கொட்டியது. களிமண் தூள் சூட்டை எளிதில் கடத்தாது. உள்ளே கிளம்பிய நீராவியும் அங்கேயே தேங்கி, மேற்கொண்டு நீர் பிரிவதைத் தாமதப்படுத்தும். இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பரப்பாதீர்கள், நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

எடை குறையவே இல்லை, ஆனாலும் வலிமை வரவில்லை என்றால் மிஞ்சிச் சுட்டிருக்கிறது, அல்லது மண்ணில் கயோலினைட்டே போதவில்லை. பச்சை மண்ணை 110-ல் உலர்த்தி, அதே முறையில் 1000 வரை ஏற்றி எவ்வளவு எடை போகிறது என்று பாருங்கள். ஐந்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்றால் மூட்டையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மண் சரிதான், 980-ஐத் தாண்டிவிட்டது என்று உறுதியானால், அந்தத் தூளோடு கொஞ்சம் பச்சை மண் பிசைந்து உருட்டிக் காயவைத்து 1300-ல் சுட்டு அரைத்துக்கொள்ளுங்கள். சூளைத் தட்டுக் கலவைக்கு க்ராக் வாங்கும் செலவு மிச்சம்.